கல்யாணம் எப்போது என்று கேட்டவன்

பன்னிரண்டு ஆண்டுகள் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தேன். நேர்காணலுக்கு வரும் பெண்களிடம் தவறாமல் கேட்பேன்: "கல்யாணம் எப்போதம்மா?" ஆனவர் என்றால், "குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?" ஓர் ஆணிடம்கூட இதைக் கேட்டதில்லை. அக்கறையில் கேட்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அது எதற்கான கேள்வி என்று எதிரே இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. "இன்னும் மூன்று வருடத்துக்கு இல்லை சார்" என்பார்கள், வீட்டிலேயே ஒப்பித்துக்கொண்டு வந்ததுபோல.

என்னிடம் நியாயமும் தயாராக இருந்தது. 2017 சட்டத் திருத்தத்தில் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாகிவிட்டது. ஆறு மாதச் சம்பளத்தை நிறுவனம் அல்லவா தர வேண்டும்? இதைக் கேட்டுக் கணக்குப் பிரிவுப் பெண் ஒருவர் சிரித்தேவிட்டார். "நாம் எடுக்கும் ஆட்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்தான் சார். அவர்களுக்குப் பிரசவ காலப் பணத்தை அரசின் இ.எஸ்.ஐ. தொழிலாளர் காப்பீடு தருகிறது. நம் கையிலிருந்து என்ன போகிறது?" அந்தக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் நிறுவனம் கட்டும் 3.25 சதவீதச் சந்தா ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். மாதாமாதம் அந்தச் சலானில் கையெழுத்துப் போட்டவனே நான்!

21,000க்கு மேல் வாங்குவோருக்கு நிறுவனம் தர வேண்டும் என்பது உண்மை. மொத்தச் சுமையையும் முதலாளி தலையில் வைத்ததில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை, அரசும் ஒரு பங்கு ஏற்றிருக்கலாம். அந்தக் கோபத்தை வேலை கேட்டு வந்த பெண்ணிடமா காட்டுவது? ஆளெடுப்பில் பெண் என்பதற்காக ஒதுக்கக் கூடாது என்று 1976 சம ஊதியச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். தேர்வுக்கு அதைப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

பிறகுதான் முறையை மாற்றினோம். எல்லோருக்கும் ஒரே ஏழு கேள்விகள், ஒரே வரிசை. கேட்பவர்கள் தனித்தனியே மதிப்பெண் எழுதிய பிறகே தங்களுக்குள் பேச வேண்டும். "ஊரில் எந்தத் தெரு?" என்ற இன்னோர் அக்கறையும் அதோடு ஒழிந்தது. (அது எதைத் துழாவும் கேள்வி என்று நம் ஊரில் விளக்க வேண்டுமா என்ன?) "இப்படிக் கேட்டால் ஆளை எப்படி எடைபோடுவது?" என்று மேலாளர் ஒருவர் முணுமுணுத்தார். முதல் சில நாட்கள் எனக்கும் பழைய கேள்வி நாக்கு நுனிவரை வந்து நின்றது.

அந்த வாரம் வந்த ஒரு பெண், ஏழாவது கேள்வி முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

"வேறு எதுவும் கேட்க மாட்டீர்களா சார்?"

"இல்லையம்மா, முடிந்தது."

நம்பாமல்தான் எழுந்து போனார்.