‘வேந்தர் எம்’ என்று முடிகிற வரி

அக்கா மகள் ஒப்புவித்தல் போட்டிக்குக் கம்பன் பாட்டு ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பள்ளியில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். மேலே பாட்டு, கீழே பொழிப்புரை. பொழிப்புரையைப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள். “சூர்ப்பணகைங்கிற அரக்கி அழகான பொண்ணா மாறி நடந்து வந்தா, அவ்வளவுதானே அம்மான்? இதுக்கு எதுக்கு நாலு வரி?”

நல்ல கேள்வி. அந்தத் தாளில் இருப்பது மட்டும்தான் பொருள் என்றால் நாலு வரி தேவையே இல்லை. வளவுக்கு, அதாவது வீட்டின் நடு முற்றத்துக்குக் கூட்டிவந்து, தூணோரமாக நின்று சத்தமாகப் படிக்கச் சொன்னேன்.

பஞ்சியொளிர் விஞ்சுகுளிர் பல்லவம் அனுங்கச்
செஞ்செவிய கஞ்சநிகர் சீறடியள் ஆகி
அஞ்சொலிள மஞ்ஞையென அன்னமென மின்னும்
வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்

“எத்தனை தடவை ‘ஞ்ச’ வருது, எண்ணு” என்றேன். ‘ஞ்சி’, ‘ஞ்சு’ எல்லாவற்றையும் சேர்த்து விரல் விட்டு எண்ணினாள். எட்டு. பஞ்சும் தாமரையும் இனிய சொல்லும் கொடியும் எந்த ஓசையில் வருகின்றனவோ, அதே ஓசையில்தான் நஞ்சும் வருகிறது. வஞ்சிக்கொடிக்கும் வஞ்சத்துக்கும் நடுவில் ஓர் எழுத்துகூட முழுசாக மாறவில்லை, ‘சி’ வெறும் ‘ச’ ஆகிறது. ஓசை கொஞ்சமும் கரடுமுரடாகாததால், நஞ்சு வந்ததே காதுக்கு உறைக்காது. எதிரில் நிற்கிற இராமனுக்கும் அவள் அப்படித்தான் தெரிந்திருப்பாள். கேட்கிற நம்மையும் அதே மயக்கத்தில் நிறுத்திவிட்டுத்தான் கம்பன் ‘வஞ்சமகள்’ என்று சொல்கிறான்.

மெல்லினம் வந்தால் மென்மை, வல்லினம் வந்தால் வீரம் என்று மேடைகளில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தப் பாட்டில் நஞ்சே மெல்லினத்தில்தான் வருகிறது. ஓசைக்குத் தனியாகக் குணம் கிடையாது, எந்தச் சொல்லோடு எந்தச் சொல்லைக் கட்டிப்போடுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

காரைக்குடியில் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939-ல் கம்பன் திருநாளைத் தொடங்கினார். அதன் பிறகு இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேருக்குக் கம்பன் காது வழியாகத்தான் வந்திருக்கிறான். எனக்கும் அப்படித்தான். சின்ன வயசில் பங்குனி மாதத்து அத்த நட்சத்திரத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதிக்கு அப்பா கூட்டிப்போவார். பேசியவர்கள் சொன்னதில் பாதி புரியாது. ஆனால் பாட்டைச் சொல்லும்போது கூட்டம் மூச்சடக்கி இருந்தது நினைவிருக்கிறது. இன்றைக்குப் பிள்ளைகள் கையில் பாட்டை ஒரு தாளாகக் கொடுத்துவிடுகிறோம். அதுதான் என் மனத்தாங்கல்.

சரி, ஓசை மட்டும்தானா என்றால் இல்லை. வடிவமும் பேசும். அதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாட்டு நமக்குப் பக்கத்து மலையில் இருக்கிறது. பறம்பு மலை என்று நாம் சொல்கிற பிரான்மலை. மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பாரி இறந்த பிறகு அவன் மகளிர் பாடியது, புறநானூற்றில் 112-ஆவது பாட்டு. மொத்தமே ஐந்து வரி:

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம் எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார் யாம் எந்தையும் இலமே

அன்றைய நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இன்றைய நிலவில் குன்றும் போனது, அப்பாவும் இல்லை. இது செய்தி. அழுகை இதில் இல்லை.

முதல் வரியையும் மூன்றாம் வரியையும் பாருங்கள். அ, இ என்ற சுட்டெழுத்தைத் தவிர எதுவும் மாறவில்லை. அதே திங்கள், அதே வெண்ணிலவு. வானத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதை அந்த இரண்டு எழுத்து சொல்லிவிடுகிறது. அப்புறம் வரிசை. முன்னே அப்பாவைச் சொல்லிவிட்டுக் குன்றைச் சொன்னவர்கள், பின்னே குன்றை முதலில் சொல்லிவிடுகிறார்கள். அப்பா இல்லை என்பதைக் கடைசி வரைக்கும் தள்ளிப்போடுகிறார்கள். இழவு வீட்டில் வந்தவர்களிடம் வேறு எதையெதையோ பேசிவிட்டுக் கடைசியில் உடைந்துபோகிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

நான்காவது வரிதான் என்னை விடவே மாட்டேன் என்கிறது. வரியை ஓசைக்காகப் பிரிக்கிற துண்டுக்குச் சீர் என்று பெயர். ‘உடையேம் எம்’, ‘வேந்தர் எம்’, ‘கொண்டார் யாம்’ ஒவ்வொன்றும் சேர்ந்து ஒரே சீர். மற்ற வரிகளில் எல்லாம் நான்கு சீர். இதில் மூன்று. இந்தப் பாட்டின் யாப்பான நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய வரி, மூன்று சீராக வர வேண்டும் என்பது இலக்கணம், அது எல்லாருக்கும் பொது. ஆனால் அந்தக் குறைந்த வரியில் எதை வைப்பது என்பது பாடுகிறவர் கையில். இரண்டாம் வரியில் ‘எம் குன்றும்’ என்று ஒட்டி இருந்தது. இங்கே ‘வேந்தர் எம்’ என்றதோடு வரி நின்றுபோகிறது. எம் ஒரு வரியில், குன்று அடுத்த வரியில். எங்களுடைய என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எதுவுமே இல்லை. குன்று பறிபோனதைச் சொல்லும் வரியிலேயே ‘எம்’மிடமிருந்து குன்று பிரிந்து நிற்கிறது. வாய்விட்டுப் படித்தால் அங்கே மூச்சு தானாக முட்டும்.

இதனால்தான் புதுக்கவிதை எழுதுகிற தம்பி தங்கைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. யாப்பு வேண்டாம் என்பதில் எனக்கு வருத்தமே இல்லை, நானும் புதுக்கவிதையை விரும்பிப் படிக்கிறவன். ஆனால் வரியை ஏன் அந்த இடத்தில் உடைத்தீர்கள் என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் அக்கா மகளிடம் இந்தப் பாட்டையும் கொடுத்தேன். பொருள் எதுவும் சொல்லவில்லை. வளவில் நடந்துகொண்டே படித்தாள். மூன்றாவது தடவை ‘வேந்தர் எம்’மில் அவளாகவே நின்றாள். அப்புறம் மெதுவாகக் கடைசி வரியைச் சொல்லி, ‘இலமே’ என்று இழுத்து முடித்தாள்.

அந்த ஓரமாக என் அம்மா காய்ந்த மோர்மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள், புறநானூறெல்லாம் தெரியாது. கை அப்படியே நின்றது.

“யாரு ஆத்தா தவறிப்போனது?” என்று கேட்டார்கள்.