‘நம்ம பசங்க’ ரூம்

போன வாரம் மாமா போன் செய்தார். அக்கா பையனுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, ஹாஸ்டலும் உறுதியாகிவிட்டது. “மாப்ள, அங்க வார்டன் உன்கூடப் படிச்சவராமே. பையனை நம்ம பசங்களோட ஒரே ரூம்ல போடச் சொல்லேன்.”

“நம்ம பசங்கன்னா யாரு மாமா? அரூர்ப் பசங்களா?” தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

“அட, உனக்குத் தெரியாததா” என்று சிரித்தார்.

தருமபுரி மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. இங்கே ‘எந்த ஊரு’ என்ற கேள்வி ஊர்ப் பெயரோடு நிற்காது. ‘அங்க எங்க?’ என்று அடுத்தது வரும். 2012 நவம்பரில் ஒரு காதல் திருமணத்துக்காக நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று காலனிகளைக் கொளுத்திய மாவட்டம் இது. அந்த வாரம் நான் பாடம் எடுத்த பிளஸ் டூ வகுப்பில் யாரும் எதுவும் பேசவில்லை. ஆனால் பெஞ்சுகளில் ஆள் மாறியிருந்தது.

நானும் ஹாஸ்டலில் கிடந்தவன்தான். 1998ல் சேலத்தில் கல்லூரி சேர்ந்தபோது அட்மிஷன் நம்பர் வரிசையில் ரூம் லிஸ்ட் ஒட்டினார்கள். மூன்று இரும்புக் கட்டில், ஒரு ஃபேன். என்னோடு பாலக்கோட்டுப் பையன் ஒருவன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். இன்னொருவன் சித்தேரி மலையிலிருந்து வந்தவன். முதல் மாதம் முழுக்கச் சண்டைதான். மலைக்காரன் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பக்கெட்டை உருட்டுவான். பாலக்கோட்டான் ராத்திரி ஒரு மணி வரை லைட்டை அணைக்க மாட்டான். நான் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே தூங்குவேன். மலைக்காரன் ஊருக்குப் போய் வந்தால் ஒரு பாட்டில் தேன் வரும். மெஸ் இட்லிக்கு அதைத் தொட்டுத் தின்ற பிறகு அந்தச் சாம்பார் எங்களுக்கு இறங்கவே இல்லை. தொகை நுண்கணிதம் எனக்குப் புரிந்ததும் அவனால்தான். இன்று நான் கணக்கு வாத்தியார்.

இரண்டாம் வருடம், “மூணு மூணு பேராச் சேர்ந்து சீட்டு எழுதிக் குடுங்க” என்றார்கள். என் சீட்டில் அவன் பெயர் இல்லை. ஊர்ப் பக்கத்துப் பசங்க இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டேன். அவனை யாரும் திட்டவில்லை, விரட்டவில்லை. அவரவருக்குப் பிடித்தவர்களை எழுதினோம், அவ்வளவுதான். கடைசியில் எந்தச் சீட்டிலும் இல்லாத பெயர்கள் நாலைந்து மிஞ்சின. அவர்களைக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டி ஓரத்து ரூமில் போட்டார்கள். அந்த ரூமுக்குப் பசங்க வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. எழுதிக் கொடுத்த சாயங்காலம் அவன் என்னிடம், “நீ எந்த ரூம்?” என்று மட்டும் கேட்டான்.

1962ல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு கணித அறிஞர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் சின்னதாக ஒரு ரூம்மேட் கணக்கு வரும். நாலு பேர், ரூமுக்கு இரண்டு பேராக இரண்டு ரூம். அ-வுக்கு முதலில் பிடித்தது ஆ. ஆ-வுக்கு இ. இ-க்கு அ. மூவருமே கடைசியாக வைத்திருப்பது ஈ-யை. இவர்களை எப்படி ஜோடி சேர்த்தாலும் நிலைக்காது. ஈ-யோடு மாட்டியவன் வெளியேறப் பார்ப்பான், அவனைச் சேர்த்துக்கொள்ள இன்னொருவன் தயாராக இருப்பான். ஷேப்லிக்கு 2012ல் பொருளாதார நோபல் கிடைத்தது. இந்தக் கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டினால் பசங்க ரசிப்பார்கள். எனக்கு மட்டும் ஈ-யின் முகம் தெரியும்.

அதனால் என் கட்சி இதுதான்: ரூம் லிஸ்டை ஆபீஸ் போடட்டும். முதல் வருடம் மட்டுமல்ல, எல்லா வருடமும். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகம் 2018ல் முதலாமாண்டு மாணவர்கள் தாங்களே ரூம்மேட்டைத் தேர்ந்தெடுப்பதை நிறுத்தியது. வருவதற்கு முன்பே தங்களைப் போன்றவர்களையே இணையத்தில் தேடிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் காரணம். நம் ஊரில் அதே வேலையைப் பெற்றோர் வாட்ஸப் குரூப் செய்கிறது. கவுன்சலிங் முடிந்த மறுநாளே ‘நம்ம பசங்க’ குரூப் தயார்.

இதைப் பேசியபோது சக ஆசிரியர் ஒருவர் மடக்கினார். “சார், நீங்க கலந்து போடுன்னு சுலபமாச் சொல்லிடுவீங்க. நாலு பேர் ரூம்ல எங்க பையன் ஒருத்தன் மட்டும் மாட்டினா ராத்திரி அவன் என்ன கேப்பான்னு தெரியுமா?” எனக்குத் தெரியாது. அனுபவித்தவர் அவர். அதைக் கேட்ட பிறகு கொஞ்சம் திருத்திக்கொண்டேன். கலந்து போடுங்கள், ஆனால் ஒருத்தனை மட்டும் தனியாக மாட்டிவிடாதீர்கள். நிஜமாகவே பிரச்சினை என்றால் ரூம் மாற்றித் தர ஒரு வழி இருக்கட்டும், அதையும் வார்டன் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கட்டும். குறட்டைக்கு மாற்றலாம். ‘ஒத்து வரல சார்’ என்பதற்கு மாற்றக் கூடாது. அந்த மூன்று வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று எந்த வார்டனுக்கும் தெரியும்.

துறைவாரியாகத் தனித்தனிப் பெயரில் இருந்த அரசு விடுதிகளுக்கெல்லாம் ‘சமூகநீதி விடுதி’ என்று 2025 ஜூலையில் ஒரே பெயர் அறிவித்தார்கள். நல்லது, ஒரு பையன் விடுதியின் பெயரைச் சொன்னாலே அவன் யாரென்று தெரிந்துவிடும் நிலை அந்த அளவுக்காவது குறையும். உள்ளே எந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் எந்தக் கட்டில் என்பது இன்னும் ஒரு வெள்ளைத் தாளில்தான் இருக்கிறது.

வார்டனுக்கு நான் போன் செய்யவில்லை. மாமா நாலு நாள் பேசவில்லை. நேற்று ராத்திரி லிஸ்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். மருமகன் பெயருக்குக் கீழே இரண்டு பெயர்கள், ஒருவன் அஞ்செட்டி, இன்னொருவன் ஊத்தங்கரை. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: “மாப்ள, இவனுங்க அங்க எங்கன்னு கொஞ்சம் விசாரி.”

கேட்டுவிட்டு வைத்திருக்கிறேன். இரண்டு நீல டிக்கும் அவருக்குப் போயிருக்கும்.