புட்டி பூசிய டட்சன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் டட்சன் 120ஒய் என்ற பழைய ஜப்பான் கார் விலைக்கு வந்தால் பெயிண்டு மட்டும் பளபளக்கும். கதவின் அடிவிளிம்பைத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் தகரம், 'தொப்' என்றால் புட்டி, அதாவது ஓட்டையை மறைக்கப் பூசிய பசை! கதவுக்கடியில் நீர் வடியும் துளைகளைத் தோட்டத்துச் செம்மண் அடைத்துவிடும். மழைத்தண்ணீர் தேங்கி உட்பக்கமிருந்தே அரிக்கும். கம்பியால் குத்திவிட ஐந்து நிமிடம் ஆகுமா? அதற்கு ஆளில்லை. துருவை வெட்டியெடுத்துப் புதுத்தகரம் வைத்து வெல்டு பண்ணாமல் மேலே புட்டி பூசினால், சில மாதத்தில் பெயிண்டு அப்பளமாய் உப்பும்.

இதைவிடக் கொடுமை, பார்வைக்குப் புதுக் கார் மாதிரி இருக்கட்டுமென்று கூரையோர மழைநீர் விளிம்பை அரைத்தெடுப்பது. கூரைத் தகரமும் பக்கத் தகரமும் ஸ்பாட் வெல்டில் (புள்ளி புள்ளியாய்ப் பற்றவைப்பதில்) சேர்வதே அங்கேதான். அழகும் போச்சு, பிடிப்பும் போச்சு. அப்புறம் ஒழுகுகிறதென்று சிலிக்கான் டியூபோடு அலைகிறார்கள்.