டொங்காட் தண்ணி லாரி போட்டோ மனசுலயே நிக்குது

தென்னாப்பிரிக்காவுல நம்ம டர்பன் ஊரு போட்டோகிராபர் பொண்ணு எடுக்கற நல்ல சேதி போட்டோக்களைப் பத்தி நீங்க எழுதுனதுக்கு நன்றிங்க. 2022 ஏப்ரல் வெள்ளத்துல, டர்பனுக்கு வடக்கால இருக்கற டொங்காட் ஊரோட தண்ணி சுத்திகரிப்பு நிலையமே நாசமாகி பல மாசம் பைப்ல தண்ணி வரல, அப்ப பேப்பர் பூரா இடிஞ்ச வீடும் பாலமும்தான், அதுவும் வேணும், ஆனா தண்ணி லாரிகிட்ட நம்ம அக்கா ஒருத்தங்க முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு, தன் வாளிய கீழ வெச்சுட்டு ஒரு ஜூலு பாட்டிக்கு கேன் புடிச்சு குடுக்கறாங்களே, அத இந்தப் பொண்ணுதான எடுத்துச்சு! தென்னாப்பிரிக்காவோட ட்ரம் பத்திரிகையில போட்டோகிராபர் ரஞ்சித் கல்லி அன்னிக்கு இங்க இருக்கற நம்ம இந்திய சனங்கள எடுத்து வெச்சதாலதான் இன்னிக்கு பாக்க முடியுது. டர்பன்ல நம்ம சனங்க நெறைய இருக்கற சாட்ஸ்வொர்த் பக்கமும் வாம்மா, ஆடி மாசம் மாரியம்மனுக்கு கஞ்சி ஊத்தற ஆயாங்கள மொதல்ல எடு.