கஸ்டமர் பிக்கரும் அதோட 14 பூலியனும்

ரெண்டு ஸ்க்ரீன்ல ஒரே மாதிரி தேடுற பாக்ஸும் கீழ ஒரு லிஸ்ட்டும் வந்துட்டா போதும், "இத காமன் கம்போனென்ட் (ஒரு தடவ எழுதி பல ஸ்க்ரீன்ல வைக்கிற துண்டு) ஆக்கிடலாமே"னு ப்ரோக்ராம் எழுதுற நமக்கு கை அரிக்க ஆரம்பிச்சுடும். எனக்கும் அரிச்சுது. வின்ஃபார்ம்ஸ்ல (விண்டோஸ் ஸ்க்ரீன் செய்யற மைக்ரோசாஃப்ட் லைப்ரரி) கஸ்டமர தேடி செலக்ட் பண்ண கஸ்டமர் பிக்கர்னு ஒரு யூசர் கண்ட்ரோல் பண்ணேன். மூணாவது ஸ்க்ரீன் எழுதுனவர் வந்து போன் நம்பர் காட்ட வேணாம்னாரு, ஒரு பூலியன் ப்ராப்பர்ட்டி, அதாவது ட்ரூ இல்ல ஃபால்ஸ்னு ஒரு ஸ்விட்ச். அடுத்தவருக்கு பழைய கஸ்டமரும் தெரியணும், இன்னொரு பூலியன். இப்படியே போயி 14 பூலியன், அதுல ரெண்டு சேந்து ட்ரூவா இருந்தா என்ன ஆகும்னு எழுதுன எனக்கே தெரியாது.

அத விட பெரிய கூத்து, கன்ஸ்ட்ரக்டர்லயே (ஆப்ஜெக்ட் உருவாகும்போதே ஓடுற கோட்) டேட்டாபேஸ் கனெக்‌ஷன் திறந்து வச்சிருந்தேன். ஃபார்ம்ல ஒரு கண்ட்ரோல இழுத்து போட்டா டிசைனர் (ஸ்க்ரீன மவுஸால அடுக்குற டூல்) படம் வரைஞ்சு காட்டுறதில்ல, நெஜமாவே அந்த ஆப்ஜெக்ட உருவாக்குது, அப்போ கன்ஸ்ட்ரக்டரும் ஓடும், அங்க கனெக்‌ஷன் கிடைக்காம ஃபார்மே திறக்காது. டிசைனருக்குள்ள இருக்கோமான்னு சொல்ற டிசைன்மோட் ப்ராப்பர்ட்டிய செக் பண்ணா போச்சுன்னு நினைச்சேன். கன்ஸ்ட்ரக்டருக்குள்ள அது எப்பவும் ஃபால்ஸ் தான் தரும்!

என் கருத்து இதான்: ஒரு கம்போனென்ட்டுக்கு வெளி உலகம் எவ்வளவு கம்மியா தெரியுதோ அவ்வளவுக்கு அத வேற இடத்துல எடுத்து வைக்கலாம். டேட்டா எங்கேர்ந்து வருது, செலக்ட் பண்ணப்புறம் எந்த ஸ்க்ரீன் திறக்கணும், இதெல்லாம் அதுக்கு எதுக்கு? "இத செலக்ட் பண்ணிட்டாங்க"னு சத்தம் குடுத்துட்டு ஒதுங்கிடணும், கேக்குறவன் கேட்டுக்கட்டும். புது ஐடியாவும் இல்ல, 1979லயே ஸெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்துல ட்ரிக்வே ரீன்ஸ்காக் எம்விசி (டேட்டாவையும் ஸ்க்ரீனையும் பிரிச்சு வைக்கிற முறை) எழுதி வச்சுட்டார், க்யூட்ங்கற சி++ லைப்ரரியோட சிக்னல் ஸ்லாட் (ஒண்ணு சத்தம் குடுக்கும், இன்னொண்ணு கேக்கும்) 1995லேர்ந்து இருக்கு, ஜாவாவோட ஸ்விங்ல ஜேடேபிள்ங்கற அட்டவணை கூட எத்தன வரி இருக்குன்னு டேட்டாவ வச்சிருக்கிற மாடல்கிட்ட தான் கேக்கும்.

ஆனா சிக்னல் விட்டா மட்டும் பத்தாது, இங்க தான் நிறைய பேர் சறுக்குறாங்க. மாத்தினது யூசரா இல்ல நம்ம கோடா? க்யூட்ல லைன் எடிட்டுக்கு (ஒரு வரி டைப் பண்ற பாக்ஸ்) ரெண்டு சிக்னல் இருக்கு, டெக்ஸ்ட்சேஞ்ச்ட் யார் மாத்தினாலும் வரும், டெக்ஸ்ட்எடிட்டட் யூசர் டைப் பண்ணா மட்டும் தான் வரும். செக்பாக்ஸ்லயும் அதே கதை, டாகிள்ட் எப்படி மாறினாலும் வரும், க்ளிக்ட் நீங்க கோட்ல செட்செக்ட்ங்கற ஃபங்ஷன கூப்ட்டு டிக் போட்டா வராது. இந்த வித்தியாசம் இல்லாத கம்போனென்ட்ட யூஸ் பண்றவன் கதி என்ன? ரெக்கார்ட லோட் பண்ணும்போதே "மாத்திருக்கீங்க, சேவ் பண்ணவா"னு கேக்கும், இல்ல அளவு பாக்ஸ் மொத்தத்த மாத்தி மொத்தம் அளவ மாத்தி ரெண்டும் மாறி மாறி கூப்ட்டுக்கிட்டே இருக்கும், கடைசில இஸ்லோடிங்னு, அதாவது "இப்போ லோட் ஆகுது, கண்டுக்காத"னு, ஒரு ஃப்ளாக் போட்டு அடக்குவாங்க (உங்க கோட்லயும் அது இருக்கு, தேடி பாருங்க). நான் இப்போ எந்த கம்போனென்ட் எழுதினாலும் ரெண்டு ஈவென்ட்டும் தனித்தனியா குடுத்துடறேன்.

டெல்ஃபிங்கற ப்ரோக்ராமிங் டூல செஞ்சவங்க ஒரு விஷயத்த சரியா பண்ணிருந்தாங்க. டெக்ஸ்ட் பாக்ஸுக்கு அடிப்படையா இருக்கிற டிகஸ்டம்எடிட்ல பாதி ப்ராப்பர்ட்டிய ப்ரொட்டக்டட்ல (வெளில தெரியாத பகுதி) மறைச்சு வச்சிருப்பாங்க, அதுலேர்ந்து வர்ற டிஎடிட் அத பப்ளிஷ் பண்ணும், அதாவது வெளில காட்டும். நீங்க புதுசா ஒண்ணு செய்யணும்னா டிகஸ்டம்எடிட்லேர்ந்து ஆரம்பிச்சு வேணுங்கறத மட்டும் திறந்து விடலாம். பின்னாடி எப்போ வேணா திறக்கலாம், திறந்தத மூடுறது தான் ஆகாத காரியம்.

அந்த பழைய பிக்கர் இன்னும் அந்த ப்ராஜெக்ட்ல தான் இருக்கு. பக்கத்துலயே லிஸ்ட்ட வெளிலேர்ந்து வாங்கிக்கிற சின்னதா ஒண்ணு எழுதி, புது ஸ்க்ரீனுக்கெல்லாம் அத போட்டுட்டேன். பழசுல ஒரு பூலியன தூக்கலாம்னு போன வாரம் உக்காந்தேன், எந்த ஸ்க்ரீன் அத நம்பி இருக்குன்னு தெரியல, அப்படியே மூடி வச்சுட்டேன்.