குர்ட் கெரோன் நாஜிகளின் கூலிக் கலைஞரா?

"குர்ட் கெரோன் என்ற யூத இயக்குநர் காசுக்காக ஹிட்லருக்குப் படம் எடுத்தார், செஞ்சிலுவைச் சங்கத்தை ஏமாற்றியது அந்தப் படம்தான்" என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. இரண்டுமே தவறு.

1897-இல் பெர்லினில் பிறந்த கெரோன், முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போரிட்டுக் காயமடைந்தவர். 1930-இல் வந்த 'நீல தேவதை' என்ற ஜெர்மன் படத்தில் மந்திரவாதி கீப்பர்ட்டாக வரும் அந்தப் பருத்த மனிதர் இவர்தான். 1931 முதல் ஊஃபா என்ற ஜெர்மன் திரைப்பட நிறுவனத்துக்காக முழுநீளப் படங்கள் இயக்கினார். 1933 ஏப்ரல் 1, யூதக் கடைகள் புறக்கணிக்கப்பட்ட நாள். தான் இயக்கிக்கொண்டிருந்த படத்தின் தளத்திலிருந்தே அன்று வெளியேற்றப்பட்டார். பாரிஸ், வியன்னா, பிறகு நெதர்லாந்து என்று அலைந்தார். அங்கும் விடவில்லை, டச்சு மொழியிலும் படம் இயக்கினார். நெதர்லாந்தை ஜெர்மனி பிடித்த பிறகு வெஸ்டர்போர்க் முகாம். 1944 பிப்ரவரியில், இன்றைய செக் நாட்டில் இருந்த தெரேசியன்ஸ்டாட் என்ற நாஜி முகாம்.

அங்கே அவர் கைதி. முகாமை நல்ல இடமாகக் காட்டும் பிரச்சாரப் படத்தை, முகாமை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ். உத்தரவின்பேரில்தான் எடுத்தார். கைதி மறுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதைக் 'கூலி' என்பது கொடுமை.

முகாமைப் பார்வையிடச் செஞ்சிலுவைக் குழு வந்தது 1944 ஜூன் 23. படப்பிடிப்பு தொடங்கியதே ஆகஸ்டில்தான்! பிறகு எப்படி அந்தப் படம் அவர்களை ஏமாற்றியிருக்கும்? குழுவை ஏமாற்றியது, வருகைக்காகப் பூசி மினுக்கப்பட்ட முகாம்தான். 'தலைவர் (ஹிட்லர்) யூதர்களுக்கு ஒரு நகரத்தைப் பரிசளிக்கிறார்' என்ற பிரபலமான பெயரும் படத்தின் அசல் தலைப்பு அல்ல.

படம் 1945 மார்ச்சில்தான் முடிந்தது. கெரோன் அதைப் பார்க்கவே இல்லை. 1944 அக்டோபர் 28-இல் தெரேசியன்ஸ்டாட்டிலிருந்து ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குப் புறப்பட்ட கடைசி ரயிலில் அவரையும் ஏற்றி, அங்கே கொன்றுவிட்டார்கள்.