குப்பைக்குப் போன வாக்கு என்னுடையதுதான்

சனிக்கிழமை மண்டபத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு யாராவது வட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். எனக்கு ஒன்பது பேர் அனுப்பினார்கள், அதில் இரண்டு பேர் சிரிப்புப் பொம்மையோடு.

ஒரு நூல் வெளியீட்டில் 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பெரியவர் மைக்கைப் பிடித்தார், பேசினார். "நாப்பத்து நாலு கடை திறந்தவைக்கும், அந்தக் கடையளில சாமான் வாங்கினவைக்கும் நன்றி. மூண்டு சீற்றைத் தட்டில வைச்சுக் குடுத்திட்டியள். உங்கட வாக்கு குப்பைக்குத்தான் போனது." கடை என்றது யாழ்ப்பாணத்தில் போட்டியிட்ட 44 அணிகளை, மூன்று சீற் போனது தெற்கின் தேசிய மக்கள் சக்திக்கு. பலத்த கைதட்டல். முன்வரிசையில் இருந்த என் மச்சானும் தட்டினார். தட்டிக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையும் வீடியோவில் இருக்கிறது.

ஆம். 2024 நவம்பரில் நான் ஒரு சின்னச் சுயேச்சைக் குழுவுக்குத்தான் போட்டேன். ஐந்து வீத வெட்டுப்புள்ளியை எட்டிக்கூடப் பார்க்காத குழு; அதற்குக் கீழே எடுத்தால் ஆசனம் பிரிக்கும் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். ஒளிக்க எதுவுமில்லை. ஆனால் அதைக் குப்பை என்று சொல்லும் உரிமையை யாருக்கும் நான் எழுதிக் கொடுக்கவில்லை.

நான் கணக்கு வாத்தி. கோபம் வந்தால் கணக்குத்தான் போடுவேன். அன்றிரவு சாப்பிடாமல் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு இது.

யாழ் மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகள் சுமார் மூன்றேகால் இலட்சம். தேசிய மக்கள் சக்தி 80,830. வீடு 63,327. சைக்கிள் 27,986. ஊசிச் சின்னத்தில் நின்ற 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு 27,855. சங்கு 22,513. வீணை 17,730. (வீடு தமிழரசுக் கட்சி, சைக்கிள் தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி, சங்கு ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி, வீணை ஈ.பி.டி.பி.) ஐந்து வீதத்தைத் தாண்டியவர்கள் இந்த ஆறு பேர்தான். மிச்சம் 38 அணிகளுக்கும் விழுந்த ஏறக்குறைய 85,000 வாக்குகளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். முதலாவதாக வந்த கட்சியின் வாக்கைவிட ஓரமாக வைத்த வாக்கு அதிகம். பெரியவர் சொன்ன குப்பை இதுதான். என்னுடையதும் அதற்குள்ளே கிடக்கிறது.

சரி, இப்போது கவனமாகப் பாருங்கள். ஆறு ஆசனத்தில் ஒன்று முதலாவதாக வந்தவருக்குப் போனஸ். மிச்சம் ஐந்தையும் பிரிக்க, ஓரமாக வைத்தது போக மீதியுள்ள வாக்கை ஐந்தால் வகுக்க வேண்டும். ஒரு ஆசனத்தின் விலை சுமார் 48,000. தேசிய மக்கள் சக்திக்கு முழுதாக ஒன்று, வீட்டுக்கு முழுதாக ஒன்று. அடுத்து மிகுதி வாக்குப் பெரியவர்கள் மூன்று பேர்: தேசிய மக்கள் சக்தி, சைக்கிள், ஊசி. மூன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. கதை முடிந்தது.

அந்த 85,000 வாக்கையும் கழிக்காமல் வகுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? விலை 65,000 ஆகும். தேசிய மக்கள் சக்தியின் மிகுதி பதினையாயிரத்துச் சொச்சம்தான். மூன்றாவது ஆசனம் அவர்களுக்கு இல்லை, சங்குக்குப் போகும். அதாவது தட்டில் வைத்துக் கொடுத்தது எங்கள் வாக்கை எண்ண மாட்டோம் என்று சொன்ன சட்டம். போட்டவனுக்குத் திட்டு, கழித்தவனுக்குக் கைதட்டலா?

இந்த இடத்தில் ஒருவர் வருவார். வந்துவிட்டார், போன பதிவின் கீழேயே நிற்கிறார். "சட்டம் அப்படித்தான் என்று உனக்கு முன்னமே தெரியும்தானே, தெரிந்தும் போட்டால் அது வீண்தானே?" தெரியும் ஐயா. பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவனுக்கு இருபதில் ஒரு பங்கு தெரியாதா? தெரிந்துதான் போட்டேன்.

இன்னொருவர் அம்பாறையைத் தூக்கிக்கொண்டு வருவார். 2020இல் முன்னாள் புலித் தளபதி கருணா அம்மானின் அணிக்கு 29,000க்கு மேல், தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 25,000க்கு மேல், இரண்டுக்கும் ஆசனம் இல்லை. நாற்பத்து மூவாயிரத்துச் சொச்சம் எடுத்த கட்சிக்கு ஒன்று கிடைத்தது. உண்மை. அது எனக்கும் வலித்தது. கடைசியில் தேசியப் பட்டியலில் ஒருவரைப் போட்டுச் சமாளிக்க வேண்டியிருந்தது. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் ஒன்று: அந்த இரண்டு அணியும் மேசையில் இருந்து பேசாததற்கு அக்கரைப்பற்றில் வரிசையில் நின்றவனா பொறுப்பு?

சேர்ந்து நிற்பதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும் என்றால் பேசுவோம். வீடு 63,327, சங்கு 22,513. கூட்டிப் பாருங்கள், 85,840. தேசிய மக்கள் சக்தியைவிட ஐயாயிரம் கூட. போனஸ் ஆசனமே இந்தப் பக்கம் வந்திருக்கும். அவர்களுக்கு இரண்டு, இவர்களுக்கு மூன்று, சைக்கிளுக்கு ஒன்று. 2023 ஜனவரி வரை ஒரே கூட்டமைப்பில் ஒரே சின்னத்தில் இருந்தவர்கள்தானே? திருகோணமலையில் சேர்ந்து நின்றார்கள், ஒரு ஆசனம் தப்பியது. இங்கே ஏன் முடியவில்லை? இதைச் சனிக்கிழமை மைக்கில் கேட்டிருக்கலாம். கேட்க மாட்டார்கள், முன்வரிசையில் இருந்தவர்கள் யாரென்று வீடியோவில் பாருங்கள். எங்களைத் திட்டுவது சுகம், திருப்பித் திட்ட எங்களிடம் மண்டபம் இல்லை.

ஜெர்மனியில் இருக்கும் ஒரு அண்ணை உள்பெட்டியில் அரைமணி நேரம் வகுப்பெடுத்தார். பாசமான மனிதர், மறுக்கவில்லை. ஆனால் அண்ணை, உங்கள் நாட்டிலும் அதே ஐந்து வீதம்தான். 2025 பெப்ரவரியில் வாகன்க்னெக்டின் கட்சி 4.98 வீதத்தோடு வெளியே நின்றது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்ட வாக்கு. அவர்களைத் துரோகி என்று யாராவது மண்டபத்தில் பேசினார்களா? உங்கள் ஊரில் பெரிய கட்சிக்காரர்களே தங்கள் இரண்டாவது வாக்கைச் சின்னக் கூட்டாளிக்குக் கடனாகக் கொடுத்து ஐந்தைத் தாண்ட வைப்பார்கள் என்று முன்பு நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அங்கே அது சாணக்கியம், இங்கே அதுவே சில்லறைத்தனம்.

உண்மையில் ஐந்து வீதம் என்ற வேலி வாக்குச் சாவடியில் இல்லை, தேநீர்க்கடையில் இருக்கிறது. அந்த நவம்பரில் எங்கள் சந்திக்கடையில் கேட்டதைச் சொல்கிறேன். "நல்ல பெடியன், ஆனா வெல்லான்." "போடலாம், ஆனா வீணாப் போகும்." பிளேன்ரீ குடித்த பத்துப் பேரும் இதையே சொன்னார்கள். பத்துப் பேரும் போட்டிருந்தால்? தெரியாது. பெரிய கட்சிக்காரன் எங்கள் ஒழுங்கைக்கு வரவே தேவையில்லை. "வெல்லாது" என்ற ஒரு சொல்லை ஊரில் அவிழ்த்துவிட்டால் போதும், அது வீடு வீடாகப் பிரச்சாரம் செய்யும். எங்கள் ஒழுங்கைக்கு உண்மையாகவே ஒருவரும் வரவில்லை. மூன்று தேர்தலாக வரவில்லை. வந்தது அந்தச் சின்னக் குழுக்காரர்தான். ஒரு பழைய சைக்கிளில், நோட்டீஸ் கட்டோடு, மழையில்.

அம்மம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாது. அவருக்கு அப்போது 86 வயது. வீட்டுச் சின்னத்துக்குப் போட்டவர், உதயசூரியன் வந்தபோது உதயசூரியனுக்குப் போட்டவர், வீடு திரும்பி வந்தபோது திரும்பவும் வீட்டுக்குப் போட்டவர். அவரை ஓட்டோவில் நான்தான் கூட்டிப்போனேன். வழியில், "ஆருக்கணை போடப்போறியள்?" என்று கேட்டேன். கொரோனாக் காலத்தில் மருந்து வாங்கிக்கொண்டு வந்து கேற்றில் கொழுவிவிட்டுப் போன பெடியனுக்காம். அதே சின்னக் குழு. நானே பதறிப்போய், "அது வெல்லாதணை" என்றேன். பாருங்கள், நானும் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன். அம்மம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெல்லாட்டி என்ன? நான் என்ன குதிரைக்கே காசு கட்டினனான்?"

உள்ளே வாக்குச்சீட்டைப் பார்த்துத் தடுமாறிவிட்டார். 44 அணியும் இருந்த சீட்டு அது, மேசைக்குப் பாய் விரித்த மாதிரி. வெளியே வந்து, "சரியான இடத்திலதான் கீறினனோ தெரியேல்லை" என்றார். அவருடைய வாக்கு எண்ணப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா என்பது எனக்குத் தெரியாது. அந்தத் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்டவை 32,000க்கு மேல். ஊசிக்கும் சைக்கிளுக்கும் ஒவ்வொரு ஆசனம் வாங்கித் தந்த வாக்கைவிடக் கூட! அதைப் பற்றி ஒரு மண்டபத்திலும் பேச்சு இல்லை. வாக்களிக்கவே போகாதவர்கள் இரண்டு இலட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேல். அவர்களைக் குப்பை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. மழையில் போய் வரிசையில் நின்றவன்தான் குப்பை.

44 அணி தேவையா என்று கேட்டால், தேவையில்லை. ஒத்துக்கொள்கிறேன். அதில் சிலது, பெரிய கட்சிகளுக்குச் சாவடி முகவர்களைப் பிடித்துக் கொடுக்க இறங்கியவை என்ற பேச்சு ஊரில் உண்டு. இருக்கலாம். அதற்காக என் வாக்கும் அதே சாக்குக்குள்ளா?

இந்த ஐந்து வீதமாவது எப்படி வந்தது என்று பெரியவருக்குத் தெரியாமல் இருக்காது. 1978 யாப்பில் இருந்தது எட்டில் ஒன்று, பன்னிரண்டரை வீதம். 1988இல் 15ஆவது திருத்தம்தான் அதை ஐந்தாக்கியது. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப், அப்போது பிரதமராக இருந்த பிரேமதாசவிடம் பேரம் பேசி வாங்கியது என்று கிழக்கில் இன்றைக்கும் சொல்வார்கள். அன்றைக்கு முஸ்லிம் காங்கிரஸ் எவ்வளவு பெரிய கட்சி? ஒரு தடவைகூடப் பாராளுமன்றத்துக்குப் போகாத சில்லறைக் கட்சி. அந்தச் சில்லறை வாங்கிய பேரம் இல்லாவிட்டால் 2024இல் யாழ்ப்பாணத்தில் வெட்டுப்புள்ளி நாற்பதாயிரத்துக்கு மேல் இருந்திருக்கும். சைக்கிளும் இல்லை, ஊசியும் இல்லை. தேசிய மக்கள் சக்தியும் வீடும் மட்டும் ஆறையும் பங்கு போட்டிருக்கும்.

அப்புறம் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. பல சபைகளில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. 2025 ஜூனில் தமிழரசுக் கட்சியின் பதில் தலைவரே வீணைக் கட்சித் தலைவர் டக்ளஸ் தேவானந்தாவைச் சந்தித்து ஆதரவு கேட்டார். இத்தனை வருடம் யாரைப் பற்றி என்னென்ன சொன்னீர்கள் என்று நான் பட்டியல் போடப்போவதில்லை. மாநகர சபையில் நாலு கை தேவைப்படும்போது சின்னக் கட்சி இனிக்கும், சனிக்கிழமை மைக் கிடைத்தால் கசக்கும். அன்றைக்கு அதே முன்வரிசைக்காரர் ஒருவர் எங்கள் குழுக்காரருக்கும் போன் எடுத்து "தம்பி, எங்களோட நில்லுங்கோ" என்று கேட்டது எனக்குத் தெரியும். யாரென்று எழுத மாட்டேன். அவருக்குத் தெரியும், இதை வாசிக்கிறார் என்றும் எனக்குத் தெரியும்.

என்னைக் கட்சி மாறியவன், தெற்கிடம் காசு வாங்கியவன் என்றெல்லாம் எழுதப்போகிறவர்களுக்கு: வாங்கியிருந்தால் இந்தக் கரண்ட் பில்லை இரண்டு மாதம் பிந்திக் கட்டியிருக்க மாட்டேன்.

மச்சான், குடும்பக் குழுவில் போட்ட வீடியோவை நீங்கள் இன்னும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டாம், கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மம்மாவின் திவசத்துக்கு வருகிறோம். கரண்ட் பில்லையும் கொண்டுவருகிறேன். படையல் முடிந்து சாப்பிட்ட பிறகு, அவருடைய படத்துக்கு முன்னால் இருந்தே, அந்தக் குப்பைக் கதையை இன்னொருதரம் சொல்லுங்கள்.